வாயில் மறுத்தல்

மடிப்பாக்கத்தில் நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்தின் இரும்புக் கதவருகே, ஆளுயரத்தில், உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய பலகை ஒன்று சுவரில் பதிந்திருக்கிறது. மேலே ஒரு கேமராக் கண், நடுவே எண்கள், கீழே பேசவும் கேட்கவும் சிறு துளைகள். வருபவர் வீட்டு எண்ணை அழுத்தினால் அந்த வீட்டுக் கூடத்தில் மணி ஒலிக்கும். திரையில் அவர் முகம் தெரியும். ஆள் யாரென்று பார்த்துப் பச்சைப் பொத்தானை அழுத்தினால் கீழே பூட்டு விடுபடும். 2016இல் வீட்டுச் சாவியைக் கொடுத்தபோதே கட்டுநர் இதையும் சேர்த்துக் கொடுத்தார். விலைப்பட்டியலில் ‘வீடியோ டோர் போன்’ என்றிருந்தது. நாற்பது வீட்டினரும் இண்டர்காம் என்றே சொல்கிறோம். அம்மாவுக்கு மட்டும் அது ‘வாசப் பொட்டி’.

2024 ஆகஸ்டு மாதத்தில் ஓர் இரவு இந்த வாசப் பொட்டியின் மென்பொருளைப் புதுப்பித்தார்கள். மறுநாள் காலை எங்கள் வீட்டில் நடந்ததையும் அதன்பின் நாங்கள் தெரிந்துகொண்டவற்றையும் எழுதிவைக்க வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தோம். கணினி அறிந்த நண்பர்கள் பொறுத்தருள வேண்டும். தமிழ் முதுகலை வகுப்பில் ஒன்றாகப் படித்து, பின்னர் ஒரே வீட்டுக்கு வந்து, இப்போது ஒரே கல்லூரியில் தமிழ் நடத்தும் கணவன் மனைவி நாங்கள். எங்களுக்குப் புரிந்த அளவில்தான் சொல்ல முடியும்.

அம்மா என்று சொன்னோம். எங்களில் ஒருவரைப் பெற்றவர், மற்றவருக்கு மாமியார், இருவருக்கும் அம்மா. அப்போது அவருக்கு வயது 76. இருபது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். காலை ஒன்பது மணிக்குத் தாமே இன்சுலின் போட்டுக்கொள்வார். நாங்கள் எட்டேகால் மணிக்கே கல்லூரிக்குக் கிளம்பிவிடுவோம். ஒன்பது மணி பத்து நிமிடத்துக்கு வீட்டு வேலைக்கு வரும் அக்கா கீழே மணியடிப்பார். அம்மா பச்சைப் பொத்தானை அழுத்துவார். அக்கா மேலே வந்து, ஹாட்பேக்கில் நாங்கள் வைத்துவிட்டுப் போன இட்லியை இரண்டு தட்டில் எடுத்துவைப்பார். இருவரும் பேசிக்கொண்டே சாப்பிடுவார்கள். எட்டு ஆண்டுகளாக இதுதான் வழக்கம். எங்கள் வீட்டின் மாற்றுச் சாவிகூட அக்காவிடம்தான் இருக்கிறது.

முந்தைய நாள் மாலை சங்கத்தின் வாட்ஸப் குழுவில் ஓர் அறிவிப்பு வந்திருந்தது. நள்ளிரவு இரண்டு மணி முதல் நான்கு மணி வரை இண்டர்காமில் பாதுகாப்புப் புதுப்பிப்பு நடைபெறும். குடியிருப்போருக்கு எவ்வித இடையூறும் இராது. நாங்களும் கட்டைவிரலை உயர்த்தும் பொம்மை ஒன்றைப் போட்டுவிட்டு உறங்கப் போனோம்.

காலையில் அக்கா வந்து எண்ணை அழுத்தியிருக்கிறார். மேலே மணி ஒலிக்கவில்லை. மீண்டும் அழுத்தியிருக்கிறார். எட்டு ஆண்டுகளாக வாசலில் இருக்கும் காவலர் ஆடித் திருவிழாவுக்கு ஊருக்குப் போயிருந்தார். அவருக்குப் பதிலாக ஏஜென்சி அனுப்பிய இளைஞருக்கு அது இரண்டாவது நாள். “சிஸ்டத்துல உங்க பேரு இல்லையேக்கா, அப்ரூவல் வராம விடக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க” என்றாராம். அவரைக் குறை சொல்ல முடியாது. வழக்கமாக வந்துபோகும் பணியாளர்களின் பட்டியலும் அந்த இரவில் அழிந்துபோயிருந்தது என்பது பிற்பாடுதான் எல்லாருக்கும் தெரிந்தது. எங்கள் கைப்பேசிகள் ஆசிரியர் அறை மேசையில் ஒலியடங்கிக் கிடந்தன. அம்மாவின் கைப்பேசி வழக்கம்போல் படுக்கையறையில் மின்னூட்டத்தில் இருந்தது.

அம்மா மேலே ஊசி போட்டுக்கொண்டு காத்திருந்தார். இட்லி கையெட்டும் தூரத்தில் இருந்தது. ஏன் எடுத்துச் சாப்பிடவில்லை என்று அன்று மாலை கேட்டபோது அவர் சொன்னது இது. “இந்தா வந்துருவா, இந்தா வந்துருவான்னு பாத்தேன். அவளும் வெறும் வயித்தோட வருவா. அவ வராம நா மட்டும் எப்புடிச் சாப்புட்றது?”

பத்து மணிக்குச் சற்று முன்னதாக அக்காவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. தெருவிலிருந்து இரண்டாம் மாடியை நோக்கிக் கூப்பிட்டிருக்கிறார். பால்கனிக் கதவு திறக்கவில்லை. “போலீசுல வேணா சொல்லிக்கோ தம்பி” என்று காவலரைத் தள்ளிக்கொண்டு படியேறியவர், மாற்றுச் சாவியால் கதவைத் திறந்தபோது, அம்மா நாற்காலியில் சாய்ந்து, உடலெல்லாம் வியர்த்து, கேட்டதற்குப் பொருந்தாமல் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா படித்தவர் இல்லை. ஆனால் எட்டு ஆண்டுகள் பக்கத்தில் இருந்தவர். சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து மடக்கு மடக்காகக் கொடுத்திருக்கிறார். கால் மணி நேரத்தில் தெளிவு வந்துவிட்டது. இன்னும் அரைமணி நேரம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மாலையில் மருத்துவரிடம் கேட்டோம். அவர் விடை சொல்லாமல் மருந்துச் சீட்டை எழுதினார்.

அந்த நேரத்தில் நாங்கள் வகுப்பில் இருந்தோம். அகத்திணையில் ‘வாயில் மறுத்தல்’ நடத்திக்கொண்டிருந்தோம் என்று எழுதினால் கதைக்கு நன்றாக இருக்கும். அப்படியில்லை. ஒருவர் நன்னூல், மற்றவர் தேர்வு மேற்பார்வை.

*

மறுநாள் நாங்கள் சங்கத்துக்கு எழுதிய கடிதம் சினத்தில் எழுதியது. இனி எந்தக் காலத்திலும் இந்தக் கருவியில் எவரும் எதையும் புதுப்பிக்கக் கூடாது, இணையத் தொடர்பையே துண்டித்துவிட வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதியிருந்தோம். அதன் பயனாக, பழுது பார்க்க வந்த இளைஞருடன் கூடவே இருந்து எல்லாவற்றையும் கேட்டு எழுதும் பொறுப்பைச் செயலாளர் எங்கள் தலையிலேயே கட்டிவிட்டார். இப்படித்தான் எங்கள் கல்வி தொடங்கியது.

வீட்டுச் சுவரில் இருக்கும் திரை உண்மையில் ஒரு சிறு கணினி. அதற்குள் இருக்கும் நினைவகத்தில் அதன் மென்பொருள் எழுதப்பட்டிருக்கிறது. புதுப்பிப்பது என்றால் இருப்பதை அழித்துவிட்டு அதே இடத்தில் புதியதை எழுதுவது. ஓலையில் சுரண்டிவிட்டு எழுதுவதைப் போன்றது. பாதி எழுதும்போது மின்சாரம் நின்றால் பழையதும் இராது, புதியதும் இராது. அன்று அதிகாலை இரண்டே முக்கால் மணிக்கு எங்கள் பகுதியில் மின்தடை. ஜெனரேட்டர் எழுந்து பொறுப்பேற்கச் சில விநாடிகள் ஆகும். அந்தச் சில விநாடிகள் போதுமாக இருந்தன. நாற்பதில் ஆறு திரைகள் அப்படியே உறைந்தன. எங்களுடையது ஆறில் ஒன்று.

இதற்கு மாற்று இல்லையா என்று கேட்டோம். உண்டு என்றார் அந்த இளைஞர். நல்ல கருவிகளில் நினைவகத்தை இரண்டு பகுதியாகப் பிரித்து வைத்திருப்பார்களாம். பழையது ஒன்றில் ஓடிக்கொண்டிருக்க, புதியதை மற்றதில் எழுதுவார்கள். எழுதி முடித்துச் சரிபார்த்த பிறகே அதற்கு மாறும். மாறியபின் கோளாறு என்றால் பழையதற்கே திரும்பிவிடும். பல கைப்பேசிகளில் இந்த ஏற்பாடு இருக்கிறது. எங்கள் திரையில் இல்லை. இரண்டு மடங்கு நினைவகம் வேண்டும், அதற்குச் செலவு ஆகும். வீடு வாங்கும்போது சதுர அடிக்கு என்ன விலை என்று கேட்டோமே தவிர, வாசலில் இருக்கும் கருவிக்குத் திரும்பிப் போக வழியுண்டா என்று கேட்க எங்களுக்குத் தோன்றியிருக்குமா?

இன்னொரு வேடிக்கையும் நடந்திருந்தது. புதிய பதிப்பின் சிறப்புகளில் ஒன்றாகத் தமிழ் சொல்லப்பட்டிருந்தது. வாசல் பலகையில் வீட்டுக்காரர் பெயர்கள் தமிழில் தெரியும். தெரிந்தன. ஆனால் கொம்பெல்லாம் எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நின்றன. “நம்ம வீட்டுப் பேரு ஒடஞ்சு கெடக்கு” என்று அக்கா சொன்னபோது எங்களுக்குச் சட்டென்று பழைய நாட்கள் நினைவுக்கு வந்தன. திஸ்கி, தாப், தாம் என்று ஒவ்வொருவரும் ஒரு குறியீட்டில் எழுதி, ஒருவர் அனுப்பிய மடலை மற்றவர் படிக்க முடியாமல் திண்டாடிய காலம். திஸ்கியில் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே எழுத்தைச் சேமித்தோம். கொம்பு முதலில், மெய் பிறகு. ஒருங்குறியிலோ மெய் முதலில், கொம்பு பிறகு. அதை முன்னால் கொண்டுவந்து வரைவது திரைக்குரிய மென்பொருளின் வேலை. தமிழ்நாடு அரசு ஒருங்குறியை ஏற்றது 2010இல். அதற்குப் பதினான்கு ஆண்டுகளுக்குப் பிறகும் எங்கள் வாசலுக்கு அந்த வேலை தெரிந்திருக்கவில்லை. தமிழ் எழுத்துகள் அனைத்தும் அதனிடம் இருந்தன. அவற்றைச் சேர்க்கத் தெரிந்த எவரும் அதைச் சோதித்துப் பார்க்கவில்லை.

*

நிற்க. இதுவரை படித்தவர்கள், நாங்கள் புதுப்பித்தலுக்கே பகை என்று எண்ணக்கூடும். அந்த எண்ணத்தை எங்களிடமிருந்து மாற்றியதும் அதே இளைஞர்தான்.

அவர் தம் மடிக்கணினியை வாசல் பலகையின் வலையில் இணைத்து, “பாருங்கய்யா” என்றார். கடவுச்சொல் கேட்டது. பயனர் பெயர் ஒன்று, நான்கு எண்கள், உள்ளே போய்விட்டார். அது தொழிற்சாலையிலிருந்து வரும்போதே வைத்திருக்கும் கடவுச்சொல். அந்த வகைக் கருவிகள் எல்லாவற்றுக்கும் ஒன்றே. கையேட்டிலேயே அச்சிட்டிருக்கிறது. 2016 முதல் எங்கள் வாசலின் கண் யார் வேண்டுமானாலும் எட்டிப் பார்க்கக்கூடிய நிலையில் இருந்திருக்கிறது. யார் எப்போது வருகிறார், எந்த வீட்டில் பகலில் முதியவர் மட்டும் இருக்கிறார் என்பதெல்லாம் அதன் பதிவில் வரிசையாக இருந்தது. கதவைத் திறக்கும் கட்டளையும் அங்கேயே இருந்தது. அன்றைய புதுப்பிப்பு செய்யவிருந்த முதல் வேலையே அந்தப் பொதுக் கடவுச்சொல்லை ஒழிப்பதுதான்.

பிறகு நாங்கள் தேடிப் படித்தோம். 2016ஆம் ஆண்டிலேயே, அதாவது எங்கள் வாசலில் இந்தப் பலகை பதிக்கப்பட்ட ஆண்டிலேயே, ‘மிராய்’ என்னும் தீநிரல் உலகெங்கும் பரவியது. இணையத்தில் இணைந்திருந்த கேமராக்கள், படப்பதிவுக் கருவிகள், ரௌட்டர்கள் ஆகியவற்றின் கதவை அது தட்டும். ஏறத்தாழ அறுபது பெயர்-கடவுச்சொல் இணைகள் அதன் கையில் இருந்தன. எல்லாம் தொழிற்சாலையில் வைத்து யாரும் மாற்றாமல் விட்டவை. கதவு திறந்தால் அந்தக் கருவியைத் தன் படையில் சேர்த்துக்கொள்ளும். 2016 அக்டோபர் 21ஆம் நாள் அந்தப் படை ஓர் அமெரிக்க நிறுவனத்தின் பெயர்ச் சேவையகங்களை முற்றுகையிட்டதில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் உள்ளிட்ட பல தளங்கள் மணிக்கணக்கில் முடங்கின. அதை எழுதியவர்கள் இருபது வயதை ஒட்டிய இளைஞர்கள் மூவர். 2017 டிசம்பரில் அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். எங்கள் மாணவர்களின் வயது. அவர்கள் பூட்டை உடைக்கவில்லை. நாம் பூட்டவே இல்லை என்பதைக் கண்டுபிடித்தார்கள், அவ்வளவே.

இணையத் தமிழர்கள் ‘அப்டேட்’ என்பதற்கு ‘இற்றைப்படுத்தல்’ என்றொரு சொல்லை உண்டாக்கிப் பல ஆண்டுகளாகப் புழங்கிவருகிறார்கள். இற்றை என்றால் இன்று. இன்றைய நிலைக்குக் கொண்டுவருவது. எங்களுக்கு அந்தச் சொல்லின்மேல் எப்போதும் ஒரு தயக்கம் உண்டு. பறம்பு மலையை இழந்த பாரி மகளிர் பாடியதாகப் புறநானூற்றில் உள்ள பாட்டில் அற்றை நிலவும் இற்றை நிலவும் எதிரெதிரே நிற்கின்றன. அன்று தந்தையும் இருந்தார், மலையும் இருந்தது. இன்று இரண்டும் இல்லை. அந்தப் பாட்டை நடத்தி நடத்தி, இற்றை என்றாலே எதையோ இழந்து நிற்கும் இன்று என்று எங்கள் காதில் விழத் தொடங்கிவிட்டது. மறுபுறம், இற்றுப்போதல் என்றொரு வழக்கும் தமிழில் இருக்கிறது. கயிறு இற்றுப்போகும், கூரை இற்றுப்போகும். வேர் வேறாக இருக்கலாம். ஆனால் அந்தக் கோடையும் மழையும் கழிந்தபின் எங்களுக்கு இரண்டும் ஒன்றையொன்று விளக்குவதாகப் பட்டது. இற்றைப்படுத்தாத வாசல் இற்றுப்போகிறது. இற்றைப்படுத்தும்போதோ நம்மைக் கேளாமல் நம்முடையது ஒன்று போய்விடுகிறது.

*

அன்று போனது எது என்பதைக் கண்டுகொள்ள எங்களுக்குச் சற்று நாளாயிற்று.

வாயில் என்னும் சொல்லுக்குத் தமிழில் கதவிருக்கும் இடம் என்பது ஒரு பொருள். அகப்பொருள் மரபில் அது ஆளையும் குறிக்கும். தலைவனுக்கும் தலைவிக்கும் இடையே சென்று பேசுபவர்கள் வாயில்கள். தொல்காப்பியம் கற்பியலில் தோழி, தாய், பார்ப்பான், பாங்கன், பாணன் என்று தொடங்கிப் பன்னிருவரை அவ்வாறு வரிசைப்படுத்துகிறது. அந்தப் பன்னிருவரில் விருந்தினரும் உண்டு, கண்டோரும் உண்டு. வாசலில் வந்து நிற்கும் விருந்தினரே ஒரு வாயில். தெருவில் பார்த்துக்கொண்டு போகிறவரும் ஒரு வாயில். பரத்தையிடமிருந்து திரும்பும் தலைவனுக்குத் தோழி வாயில் மறுப்பாள். மறுப்பதும் ஓர் ஆள்தான். ஆள் என்பதால் அவளிடம் பேசலாம், கெஞ்சலாம், பொய்யும் சொல்லிப் பார்க்கலாம். பெரும்பாலும் இறுதியில் வாயில் நேரும்.

சிலப்பதிகாரத்து வாயிலோனை ஆண்டுதோறும் நடத்துகிறோம். கையில் ஒற்றைச் சிலம்போடும் விரிந்த கூந்தலோடும் ஒருத்தி அரண்மனை வாசலில் நிற்கிறாள். அவள் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. வாயிலோன் உள்ளே ஓடிப் பாண்டியனிடம் அவளை வருணிக்கிறான். கொற்றவையோ என்றால் அல்லள், காளியோ என்றால் அல்லள். ஆனால் கடுஞ்சினத்தோடு நிற்கிறாள், கணவனை இழந்தவள். அரண்மனைக்கு அன்று கேமரா இல்லை. இவன் வாய்ச்சொல்லில்தான் வாசல் அரசனின் கண்முன் வந்தது. அரசன் வரச் சொல்கிறான். பெயர் இல்லாதவளைப் பற்றியும் உள்ளே சொல்லத் தெரிந்தவனாக அவன் இருந்ததால்தான் மதுரையில் வழக்கு நடந்தது. பட்டியலில் இல்லை என்று அவன் திருப்பி அனுப்பியிருந்தால் காப்பியம் அங்கேயே நின்றிருக்கும்.

எங்கள் பழைய காவலர் அந்த வாயிலோன் இனத்தவர். மணி ஒலிக்கவில்லை என்றால் இரண்டாம் மாடிக்கு ஏறிவந்து சொல்லியிருப்பார். ஆனால் அவர் அதைச் செய்கிறார் என்பதே அதுவரை எங்களுக்குத் தெரியாது. அவர் விடுப்பில் போன வாரத்தில் கருவியும் தவறியதால்தான் தெரிந்தது. கருவி வேலை செய்ததாக நாங்கள் எண்ணிக்கொண்டிருந்த பல நாட்களில் வேலை செய்தவர் அவர். புதிய இளைஞரும் கெட்டவர் அல்லர். அவரைக் கருவிக்கு விளக்கம் சொல்பவராக நிறுத்திவிட்டோம். வாயிலோனாக இருக்கச் சொல்லவில்லை.

*

செப்டம்பரில் சங்கத்தின் பொதுக்குழு கூடியது. ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர், எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்துவிட்டுப் பழைய அழைப்பு மணியே போதும் என்றார். மென்பொருள் துறையில் இருக்கும் இளம் தம்பதியர், அப்படியானால் இரவுப் பணி முடிந்து வரும் பெண்களுக்கு யார் பொறுப்பு என்று கேட்டார்கள். இரண்டும் நியாயம். இரண்டு மணி நேரம் பேசி, ஐந்து முடிவுகள் எடுத்தோம். வேறு குடியிருப்பினருக்கும் பயன்படலாம் என்பதால் இங்கே தருகிறோம்.

புதுப்பிப்பு இனி நள்ளிரவில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, எல்லாரும் வீட்டில் விழித்திருக்கும்போது. முதலில் சங்க அலுவலகத்துத் திரையில் மட்டும். ஒரு வாரம் பார்த்தபின் மற்ற வீடுகளுக்கு. தளந்தோறும் உள்ள இணைப்புப் பெட்டிகளுக்கு யுபிஎஸ். வீட்டுப் பணியாளர்களின் பெயரும் குடியிருப்போரின் இரண்டு தொலைபேசி எண்களும் தாளில் அச்சிட்டுக் காவலரிடம். எந்தப் புதுப்பிப்பும் அந்தத் தாளை அழிக்காது. பகலில் முதியவர் தனித்திருக்கும் ஒன்பது வீடுகளுக்கு வாசலிலிருந்து தனிக் கம்பியில் சாதாரண அழைப்பு மணி. மணிக்கு யாரும் வரவில்லை என்றால் காவலர் மாடியேறிப் பார்க்க வேண்டும். அப்படி ஏறியதற்காக எவரும் அவரைக் கடிந்துகொள்ளக் கூடாது.

இன்னொன்றும் செய்தோம். இந்தக் கருவிக்கு எத்தனை ஆண்டுகள் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் தருவீர்கள் என்று நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டோம். பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் நடைமுறையில் உள்ள சட்டம், இணையத்தோடு இணையும் நுகர்பொருள்களில் எளிதில் ஊகிக்கக்கூடிய பொதுக் கடவுச்சொல் கூடாது என்கிறது. எவ்வளவு காலம் திருத்தங்கள் தரப்படும் என்பதை விற்கும்போதே அறிவிக்க வேண்டும் என்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் 2024 டிசம்பரில் அமலுக்கு வந்தது. அதன் முதன்மைக் கடமைகள் 2027 டிசம்பர் 11 முதல் பொருந்தும். குறைந்தது ஐந்து ஆண்டுகள் திருத்தம் தர வேண்டும் என்பது அதில் பொதுவிதி. நம் நாட்டில் கண்காணிப்புக் கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனை 2025 ஏப்ரல் முதல் கட்டாயமாயிற்று. நாங்கள் வீடு வாங்கிய 2016இல் இப்படி ஒரு கேள்வி இருப்பதே எங்களுக்குத் தெரியாது.

மூன்று வாரத்தில் நிறுவனத்தின் பதில் வந்தது. மிகப் பணிவான கடிதம். இந்த வகைக் கருவியின் உற்பத்தி நின்றுவிட்டது; ஆகஸ்டில் தந்ததே இறுதிப் புதுப்பிப்பு; புதிய வகைக்கு மாறினால் பழையதற்குத் தள்ளுபடி உண்டு.

ஆக, அம்மாவை அந்த நாற்காலியில் சாய்த்த அந்த இரவுதான் எங்கள் வாசல் கடைசியாக இற்றைப்படுத்தப்பட்ட இரவு. இனி அது இற்றுப்போகும். நாற்பது வீட்டுக்கும் புதியது வாங்கப் பணமில்லை என்று பொதுக்குழு சொல்லிவிட்டது. அந்த இளம் தம்பதியர் ஒரு வழி சொன்னார்கள். வாசல் பலகையை இணையத்திலிருந்து பிரித்துக் கட்டடத்துக்குள் மட்டும் ஓடும் வலையில் வைத்துவிட்டோம். கல்லூரியிலிருந்தே கைப்பேசியில் வாசலைப் பார்க்கும் வசதி அதோடு போயிற்று. சினத்தில் எழுதிய எங்கள் முதல் கடிதத்திலும் இணையத்தைத் துண்டிக்கச் சொல்லியிருந்தோம். முடிவு ஏறக்குறைய அதேதான். ஆனால் காரணம் தெரிந்து செய்தது இது.

அம்மா இப்போது ஊசிக்கு முன்பே இரண்டு பிஸ்கட்டைத் தட்டில் எடுத்துவைத்துக்கொள்கிறார். அக்கா வரும்வரை இட்லியைத் தொடுவதில்லை. அதை மாற்ற எங்களால் முடியவில்லை. திரையை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். எங்கள் பெயரில் கொம்பு இன்னும் இடம் மாறித்தான் நிற்கிறது. அதை நேராக்கும் புதுப்பிப்பு இனி வரப்போவதில்லை.

குறுந்தொகையில் நன்னாகையார் பாட்டு ஒன்று உண்டு, 118ஆவது. மாலையில் பலரும் புகுந்து வந்த பெருவாசலை அடைக்கும் நேரம். காவலர்கள், உள்ளே வர வேண்டியவர் இன்னும் எவரேனும் இருக்கிறீர்களா என்று குரல் கொடுக்கிறார்கள். தலைவியின் காதலன் அப்போதும் வரவில்லை. பாட்டு அவள் ஏக்கத்தைப் பற்றியது. அதைத்தான் நாங்களும் இத்தனை ஆண்டுகளாக நடத்திவந்தோம். இப்போது அந்தக் காவலர்களின் கேள்வியிடம் நின்றுவிடுகிறோம். எங்கள் பலகை எந்தப் பதிப்பிலும் வெளியே நிற்பவரை நீ யார் என்றுதான் கேட்டிருக்கிறது. அந்தக் காவலர்கள் கேட்டது வேறு.

பழைய காவலர் ஊரிலிருந்து திரும்பிவிட்டார். இரவு பதினொன்றுக்கு இரும்புக் கதவைச் சாத்துவதற்கு முன் செயலாளருக்கும், வயதானவர்கள் உள்ள வீடுகளுக்கும் ஒருமுறை கூப்பிடுகிறார். சென்ற வாரம் எங்கள் வீட்டுத் திரையில் மணி ஒலித்தது. அம்மாதான் எடுத்தார்.

“அம்மா, கேட்ட சாத்தப் போறேன். நம்ம வீட்டுக்கு வரவேண்டியவங்க யாராச்சும் வெளிய இருக்காங்களா?”

“எல்லாரும் வந்தாச்சுப்பா. நீ சாப்டியா?” என்றார் அம்மா.